மொய்ப் பணத்தில் கை வைத்தவன் எழுதுவது

கோமதி வாசிக்க, எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் செந்திலுக்கு,

உன்னால் இதை வாசிக்க முடியாது. அது தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் பேச வரும், எழுத்துக் கூட்டிக் கடைப் பலகை வாசிக்க வரும், இத்தனை பக்கக் கடிதம் வாசிக்க வராது. தாராவியில் கூப்பிடு தூரத்தில் தமிழ்ப் பள்ளி இருந்தும் உன்னை இங்கிலீஷ் மீடியத்தில் சேர்த்தவன் நான்தான். அன்றைக்குச் செய்த தப்பு இன்றைக்கு எனக்கு உதவுகிறது. ஊரிலிருந்து வரும் கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடை நோட்டீஸ் எல்லாவற்றையும் உன் பெண்டாட்டி கோமதிதான் உனக்கு வாசித்துக் காட்டுகிறாள். சங்கரன்கோவிலில் தமிழ் மீடியத்தில் பன்னிரண்டாவது வரை படித்த பிள்ளை, தங்குதடையில்லாமல் வாசிப்பாள். போனில் பேசலாம் என்றால் என் நம்பரைப் பார்த்தாலே நீ எடுப்பதில்லை. அவள் போனும் உன் கையில்தான் இருக்கிறது. அதனால் நீ ஆபீஸில் இருக்கும் நேரத்தில் நீங்கள் வாடகைக்கு இருக்கும் சான்பாடா வீட்டுக்குப் போய்ச் சேரும்படி ஸ்பீடு போஸ்டில், அவள் பெயருக்கு அனுப்பியிருக்கிறேன். கவரின் மேலேயே எழுதிவிட்டேன்: ‘பிரிக்காதே. சாயங்காலம் செந்தில் வந்ததும் அவனை உட்காரவைத்துச் சத்தமாக வாசி.’ மாமா சொன்னதை அவள் தட்டமாட்டாள். எழுந்து போய்விடலாம் என்று நினைக்காதே. நீ போனாலும் அவள் வாசித்து முடிப்பாள், அவளுக்கு என்னென்ன தெரிந்துவிட்டது என்று தெரியாமல் நீதான் முழிப்பாய்.

கோமதி, இந்த இடத்தில் உன்னிடம் ஒரு வார்த்தை. வருகிற வெள்ளிக்கிழமை இவன் உன்னைச் செம்பூர் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஆபீஸுக்குக் கூட்டிப்போய், சொந்த ஃபிளாட் புக் செய்வதற்கு என்று சொல்லி நாலைந்து இடத்தில் கையெழுத்து வாங்கப் போகிறான். ஆதார், பான் கார்டு, போட்டோ எல்லாம் எடுத்துவைக்கச் சொல்லியிருப்பான். உன் அத்தையிடம் ‘அம்மா, வீடு வாங்கப் போறோம்’ என்று சொல்ல, அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். ஃபிளாட்டும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. இவனுக்குப் பதினோரு கடன் இருக்கிறது. கிரெடிட் கார்டு இரண்டு, பர்சனல் லோன் ஒன்று, நகைக்கடன் ஒன்று, போனில் ஆப் வழியாக வாங்கியது ஏழு. எல்லாம் சேர்த்துப் பத்தொன்பது லட்சம். செம்பூர் ஆபீஸ்காரன் பதினொன்றையும் ஒன்றாக்கி ஒரே தவணையாக மாற்றித் தருகிறேன் என்கிறான். அதற்கு அவனுக்கு இரண்டு லட்சம் கமிஷன். அதையும் கடனிலேயே சேர்த்துவிடுவான். இவன் பெயரில் இனி எவனும் ஒரு ரூபாய் தரமாட்டான் என்பதால் உன்னைக் கூட்டுக் கடன்காரியாக்கப் பார்க்கிறார்கள். நாளைக்கு இவன் கட்டாவிட்டால் உன்னைத் தேடி வருவார்கள், பிறகு உன் அப்பா வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று நீ முடிவு செய்ய வேண்டும். அதற்கு உனக்கு எல்லாம் தெரிய வேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம்.

செந்தில், தரையைப் பார்க்காதே. அவளைப் பார். உன்னிடம் கெட்ட பழக்கம் எதுவும் இல்லை என்று உன் அம்மா இன்றைக்கும் சத்தியம் செய்கிறாள். குடியில்லை, பீடியில்லை, வேறு பெண் இல்லை. எனக்கு அதுதான் எரிச்சல். குடிகாரனாக இருந்திருந்தால் நாலு அறை விட்டுத் திருத்தியிருப்பேன், ஊரும் என்னைப் பாவம் என்றிருக்கும். நீ பயந்தாங்கொள்ளி. உன்னோடு படித்தவன் ஷேர் மார்க்கெட்டில் கார் வாங்கினான் என்றதும் உனக்குத் தூக்கம் போயிற்று. ஆப்ஷன் டிரேடிங் என்று ஆரம்பித்தாய். போனதை எடுக்கக் கார்டில் தேய்த்தாய், கார்டைக் கட்ட ஆப்பில் வாங்கினாய், ஆப்பைக் கட்ட இன்னொரு ஆப். இதற்கு நடுவில் ஊர்க் கொடைக்கு இருபத்தைந்தாயிரம் நன்கொடை அனுப்பினாய். ‘மும்பை செந்தில் அவர்கள் இருபத்தைந்தாயிரம்’ என்று மைக்கில் மூன்று தடவை வாசித்தார்கள், அந்த வீடியோவை எனக்கே அனுப்பினாய். அந்தப் பணம் அதே வாரத்தில் ஒரு ஆப்பில் வாங்கியது. சாமிக்கும் கடன் வாங்கிக் கொடுத்த பெரிய மனுஷன் நீ. உன் மூஞ்சிக்கு மாலை ஒன்றுதான் குறைச்சல்.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கோமதி கேட்பாள். மழை தொடங்கிய நாட்களில் உன் அம்மாவின் போனுக்கு ஒருத்தி கூப்பிட்டு ஹிந்தியில் கத்தினாள். உன் அம்மாவுக்குப் பாதி புரியவில்லை. ‘செந்தில், செந்தில்’ என்று மட்டும் கேட்டதும் உனக்கு ஆக்ஸிடெண்ட் என்று நினைத்து நடு ரூமில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துவிட்டாள். நான் போனை வாங்கினேன். உங்கள் மகன் திருடன், அவன் போட்டோவில் திருடன் என்று எழுதிக் காண்டாக்டில் இருக்கிற எல்லாருக்கும் அனுப்புவோம் என்றாள். அவளுக்கு என்ன, இருபது வயது இருக்கும். எழுதிக் கொடுத்ததை வாசிக்கிறாள். அந்தக் குரலை வைத்தே எத்தனை நாள் பாக்கி என்று எனக்குச் சொல்ல முடியும். நான் அந்தத் தொழிலில் இருந்தவன். அதைப் பிறகு சொல்கிறேன். உனக்குப் போன் போட்டால் நீ சிரித்தாய். ‘அப்பா, சும்மா டென்ஷன் எடுக்காதீங்க. சின்ன அமௌண்ட்தான். நான் பாத்துக்கிடுதேன்’ என்றாய். மறுநாள் உன் ஆபீஸ் வாசலில் வந்து நின்று, நாலு பேர் பார்க்க உன் சட்டையைப் பிடித்துச் செம்பூரில் நான் போகிற சென்டருக்குக் கூட்டிப் போனேன். அப்படிப் பிடித்ததற்கு நான் வருத்தப்படவில்லை.

கோமதி, நான் ரிட்டையர் ஆன பிறகு செம்பூரில் ஒரு டிரஸ்ட் நடத்தும் கடன் ஆலோசனை சென்டரில் வாரம் மூன்று நாள் உட்காருகிறேன் என்று உனக்குத் தெரியும். என்ன வேலை என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. கட்ட முடியாத அளவுக்குக் கடன் வாங்கியவர்கள் அங்கே வருவார்கள். காசு வாங்க மாட்டார்கள். வைஷாலி என்று ஒரு மேடம் அவர்களுடைய வரவு, செலவு, கடன் எல்லாவற்றையும் எழுதி, அரிசிக்கும் வாடகைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் ஒதுக்கியது போக மீதியை வைத்து, எந்தக் கடனுக்கு எவ்வளவு கட்ட முடியும் என்று ஒரு திட்டம் போடுவார். பிறகு கடன் கொடுத்தவர்களிடம் பேசி அபராதத்தைக் குறைக்கச் சொல்லி, தவணையை நீட்டி வாங்குவார். புதிதாகக் கடன் தரமாட்டார். அந்த மேடத்துக்கு மராத்தியும் ஹிந்தியும்தான் வரும். தாராவியிலிருந்து வருகிற நம் ஆட்கள் சொல்வதை நான் ஹிந்தியில் சொல்வேன். அவர் சொல்வதைத் தமிழில் சொல்வேன். புண்ணியத்துக்குப் போகவில்லை. வீட்டில் உட்கார்ந்திருந்தால் உன் அத்தைக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை, அங்கே பஸ் காசும் டீயும் கிடைத்தது, போனேன்.

அந்த மேடம் முன்னால் இவன் உட்கார்ந்து ஏழு கடன் சொன்னான். அவர் எழுதிக்கொண்டே, ‘அவ்வளவுதானா?’ என்றார். ‘அவ்வளவுதான் மேடம்’ என்றான். அவர் கம்ப்யூட்டரை இவன் பக்கம் திருப்பினார். இவன் பான் நம்பரை வைத்து எடுத்த பட்டியலில் பதினொன்று இருந்தது. நாலு கடனை மறந்துவிட்டானாம். நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன், அங்கே இத்தனை வருஷமாக எத்தனையோ பேர் இதே பொய்யைச் சொல்லக் கேட்டவன், என் மகன் சொல்லும்போது எனக்கு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை. மேடம் கோபப்படவில்லை. இவன் சம்பளம் ஐம்பத்தெட்டாயிரம், மாதத் தவணை எழுபத்தோராயிரம் என்று காட்டி, எல்லாரிடமும் பேசி முப்பத்தாறாயிரத்துக்குக் கொண்டுவரலாம், ஐந்து வருஷம் ஆகும் என்றார். கார்டுகளை வெட்ட வேண்டும், புதுக் கடன் கூடாது, சான்பாடா வாடகை தாங்காது, அப்பா அம்மாவோடு தாராவி ரூமுக்கே போய்விட வேண்டும். எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். கடைசியாக, ‘மனைவிக்குத் தெரியுமா?’ என்று கேட்டார். தெரியாது என்றான். ‘அவர் வந்து இந்த மேசையில் உட்காராமல் நான் ஒரு ஃபோன்கூடப் பண்ணமாட்டேன். வீட்டில் மறைத்துக்கொண்டு யாரும் இதைக் கட்டி முடித்ததில்லை’ என்றார். இவன் எழுந்தான். பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேக்கை எடுத்துக்கொண்டு, ஆட்டோ ஏறிப் போய்விட்டான். பாத்ரூமுக்கு எவனாவது பேக்கைத் தூக்கிக்கொண்டு போவானா, ஏலே? அன்றைக்கு என் முகத்தை நான் எங்கே வைத்துக்கொள்வது?

சரி. உன்னைத் திட்டியது போதும். இனி என் முறை. கோமதி, தண்ணீர் குடித்துவிட்டு வாசி.

நான் ஒரு பத்பேடியில் வேலை பார்த்தேன் என்று மட்டும் உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பத்பேடி என்றால் சின்னச் சின்னக் கடன் கொடுக்கிற சொசைட்டி. அதில் நான் கிளார்க் என்று உன் கல்யாணப் பேச்சில் சொன்னோம். நான் வசூல்காரன். தாராவித் தமிழர்களிடம் வசூலிக்க அவர்களுக்குத் தமிழன் ஒருவன் வேண்டியிருந்தது. மற்ற வசூல்காரர்கள் கெட்ட வார்த்தை பேசுவார்கள், கதவைத் தட்டுவார்கள். நான் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. எனக்கு வேறு வழி தெரியும். நம் ஆட்களுக்கு எப்போது கையில் ரொக்கம் சேரும்? காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று விசேஷம் வைக்கும்போது. வருகிறவன் எல்லாம் மொய் எழுதுவான். அந்த மொய்யை நம்பித்தான் பந்தலும் சாப்பாடும் கடன் சொல்லி ஏற்பாடு செய்திருப்பார்கள். யார் வீட்டில் விசேஷம் என்று பத்திரிகை அடிக்கிற கடையிலேயே கேட்டு வைத்துக்கொள்வேன். வெள்ளை வேட்டி சட்டை போட்டுக்கொண்டு போவேன். முதலில் மொய் எழுதுகிறவரிடம் என் பெயருக்கு நூற்றொரு ரூபாய் எழுதச் சொல்வேன். மொய் எழுதியவன் விருந்தாளி. அவனை வெளியே போ என்று எவனும் சொல்ல முடியாது. பிறகு அந்த மேசைக்குப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, பெட்டியில் விழும் பணத்தைக் கண்ணால் எண்ணிக்கொண்டிருப்பேன். பாக்கித் தொகை சேர்ந்ததும் வீட்டுக்காரனைக் கண் ஜாடை காட்டிக் கூப்பிடுவேன். சொந்தக்காரன் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள், சத்தம் போட முடியாது. எடுத்துக் கொடுப்பான். இதைக் கண்டுபிடித்தவன் நான். ஆபீஸில் எனக்குக் கைதட்டினார்கள். செந்தில், உன் இங்கிலீஷ் மீடியம் ஃபீஸ் அதில்தான் வந்தது. இதில் கேவலமானது என்னவென்றால், அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

பால்பாண்டி என்று ஒருவர், தோல் பட்டறையில் வேலை. மூத்த மகளுக்குச் சடங்கு வைத்தார். நான் போய் உட்கார்ந்தேன். பணம் சேர்ந்ததும் கூப்பிட்டேன். அவர் குனிந்து என் காதில், ‘அண்ணாச்சி, சமையக்காரனுக்கு உள்ளத மட்டும் குடுத்துக்கிடுதேன். மீதிய நீங்க எடுத்துக்கிடுங்க. பிள்ள மணையில இருக்கு, அண்ணாச்சி’ என்றார். நான் பெட்டியை என் பக்கம் இழுத்தேன். ‘பிள்ள எழுந்திரிக்க முன்னாடி எண்ணி முடிச்சிருவோம்’ என்றேன். அப்படியே சொன்னேன். சமையல்காரன் கடைசிப் பந்திக்கு முன்னாலேயே அண்டாக்களைத் தூக்கிவிட்டான். பிள்ளையின் தாய்மாமன்மார் சீர் கொண்டுவந்தவர்கள், சாப்பிடாமல் எழுந்து போனார்கள். சொந்தத்தில் பல வருஷம் பேச்சுவார்த்தை இல்லாமல் போயிற்று என்று கேள்விப்பட்டேன். அதைவிட மோசம் ஒன்று உண்டு. மொய் என்பது வாங்கியதைத் திருப்பிச் செய்ய வேண்டியது. நான் தூக்கிக்கொண்டு போன பணத்துக்கு, எழுதினவன் ஒவ்வொருவன் வீட்டு விசேஷத்துக்கும் போய் அந்த மனிதர் திருப்பி எழுதியாக வேண்டும். எழுதினார். அதற்காக வேறு இடத்தில் கடன் வாங்கினார். அந்தக் கடன் வளர்ந்து வளர்ந்து, ஒரு நாள் செம்பூர் சென்டரில் டோக்கனோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவர் என்னைப் பார்த்து, ‘என்ன அண்ணாச்சி, இங்கயும் நூத்தியொண்ணு எழுதியாச்சா?’ என்றார். ‘என்ன சொல்கிறார்?’ என்று மேடம் கேட்டார். நான் அதை ஹிந்தியில் சொல்லவில்லை. வணக்கம் சொல்கிறார் என்று சொன்னேன். அங்கே நான் மாற்றிச் சொன்னது அந்த ஒரு தடவைதான். பால்பாண்டி நாலு வருஷம் கட்டினார். பெண்டாட்டியும் இரண்டு மகள்களும் கூடவே வந்து உட்கார்ந்து, ஒரு மாதம் தவறாமல் கட்டி முடித்தார். கணக்கைத் தவிர என்னிடம் வேறு ஒரு பேச்சுப் பேசவில்லை. மன்னிப்பெல்லாம் இல்லை. கட்டி முடிக்க முடியும் என்று நான் கண்ணால் பார்த்தது அவரிடம்தான்.

இப்போது உங்கள் கல்யாணத்துக்கு வருகிறேன். மாட்டுங்காவில் மண்டபம். தாலி கட்டி முடிந்து பந்தி நடக்கிறது. ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, நல்ல செருப்பு. மொய் மேசையில் ஐந்நூற்றொன்று எழுதச் சொன்னான், ரசீதைச் சரிபார்க்கிற மாதிரி நின்று பார்த்தான், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு மேசை ஓரத்தில் உட்கார்ந்தான். யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. மேடையில் நீ அவனைப் பார்த்துவிட்டாய், செந்தில், உன் முகம் செத்துப்போயிற்று. பக்கத்தில் கோமதி சிரித்துக்கொண்டு நின்றாள். அவனை மண்டபத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் கேட்டேன். மூன்று லட்சத்து எண்பதாயிரம் என்றான். மரியாதையாகத்தான் பேசினான். ‘பொண்ணு வீட்டுக்காரங்க இருக்காங்க, அங்கிள். பேசாம முடிச்சிடலாம்’ என்றான். நான் பால்பாண்டியிடம் எப்படிப் பேசினேனோ அப்படி. நம் மொய் இரண்டு லட்சத்து நாற்பது வந்திருந்தது. முழுக்கக் கொடுத்தேன். இன்னும் ஒன்று நாற்பது வேண்டும். கோமதி, உன் அப்பா அதற்குச் சற்று முன்னால்தான் உங்கள் பக்கத்து மொய்ப் பையை என்னிடம் கொடுத்திருந்தார். ‘சம்பந்தி, ரயில்ல ரொக்கம் கொண்டு போக வேண்டாம். அது பிள்ளைக்கு உள்ளது. நீங்களே அவ பேர்ல பேங்க்ல போட்டுருங்க’ என்றார். அதில் ஒரு லட்சத்து நாற்பத்திரண்டாயிரம் இருந்தது. நான் எடுத்துக் கொடுத்துவிட்டேன். மீதி இரண்டாயிரத்தில் மண்டபத்து வாட்ச்மேனுக்கும் மேளக்காரருக்கும் கொடுத்தேன். உன் அப்பாவிடம் டெபாசிட் போட்டாயிற்று என்று சொன்னேன். மூன்று வருஷமாக உன் அப்பா வெயிலில் ஊர் ஊராகப் போய், அந்த நோட்டைப் பார்த்து, ஒவ்வொரு வீட்டிலும் மொய் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார். அவர் கைக்கும் வராத, உன் கைக்கும் வராத பணத்துக்கு. ஒவ்வொரு தடவையும் போனில் அவர் ‘சம்பந்தி, நல்லா இருக்கியளா’ என்று கேட்கும்போது நான் செருப்பால் அடி வாங்கிய மாதிரி நிற்கிறேன்.

அந்தப் பணத்துக்கு வட்டி சேர்த்து ஒரு செக் இந்தக் கவரிலேயே வைத்திருக்கிறேன். கோமதி பெயரில். கோமதி, அதை இவனிடம் காட்டாதே, கடிதத்தைக் கீழே வைப்பதற்கு முன்னால் எடுத்து உன் இடுப்பில் சொருகு. அழுவான், காலில் விழுவான், அடுத்த மாதம் தருகிறேன் என்பான். கொடுக்காதே.

செந்தில், அன்று மண்டபத்தில் நான் செய்ததுதான் உனக்குச் செய்த பெரிய கெடுதல். உன்னை மேடையிலிருந்து இறக்கி, மாலையும் கழுத்துமாக எல்லார் முன்னாலும் அந்த ஆளோடு பேச வைத்திருக்க வேண்டும். அந்தக் கல்யாணம் நின்றுபோனாலும் போகட்டும் என்று விட்டிருக்க வேண்டும். என் மானத்துக்குப் பயந்து மூடி மறைத்தேன். மறுநாள் உன்னைத் தனியாகக் கூப்பிட்டு வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லவே இல்லை என்று உன் அம்மா தலையில் கை வைத்தாய். இரண்டே மாதத்தில் அடுத்ததை வாங்கினாய், மேடத்தின் கம்ப்யூட்டரில் தேதியோடு இருக்கிறது. நான் கட்டிய கடன் உனக்கு வலிக்கவே இல்லை. அதனால் இப்போது கேள். ரிட்டையர் ஆனபோது வந்த பணம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. தாராவி ரூம் என் பெயரில் இருக்கிறது, கட்டடம் புதிதாகக் கட்டினால் அதற்கு நல்ல மதிப்பு வரும். எல்லாம் உனக்குத் தெரியும், கணக்குப் போட்டும் வைத்திருப்பாய். உன் கடனுக்கு அதிலிருந்து ஒரு ரூபாய் தரமாட்டேன். நீ ஜெயிலுக்குப் போனாலும் தரமாட்டேன். உன் அம்மா மூன்று நாளாகச் சாப்பிடாமல் கிடக்கிறாள். ‘பெத்த பிள்ளய இப்படிக் காட்டிக் குடுக்கியளே, நீங்கள்லாம் ஒரு தகப்பனா? அந்த ரூம வித்துக் குடுத்தா என்ன குறஞ்சிருவிய?’ என்று கேட்கிறாள். அவள் தன் செயினைக் கழற்றி உனக்கு அனுப்பப் பார்த்தாள், பிடுங்கிப் பூட்டி வைத்திருக்கிறேன். இந்தக் கடிதத்தை நான் தபாலில் போடப் போகிறேன் என்று தெரிந்ததும் என் கன்னத்தில் அறைந்தாள். கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. வாங்கிக்கொண்டு போஸ்ட் ஆபீஸுக்குப் போகிறேன்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதைத் தள்ளித் தள்ளி இவ்வளவு தூரம் கொண்டுவந்துவிட்டேன், எழுதக் கை வரவில்லை. கோமதி, உன் இருபத்திரண்டு பவுனும் பேங்க் லாக்கரில் இல்லை. அந்தப் பதினொன்றில் நகைக்கடன் என்று ஒன்று சொன்னேனே, அது உன்னுடையதுதான். உன் தம்பி கல்யாணத்துக்குப் போகும்போது ரயிலில் திருட்டுப் பயம் என்று சொல்லி உனக்குக் கவரிங் செட் வாங்கிக் கொடுத்தானே, அதற்கு முந்தின மாதமே அடகுக்குப் போய்விட்டது. உன் அம்மா உன் கழுத்தைப் பார்த்து ஏதோ கேட்டதாகவும், நீ இவனை விட்டுக்கொடுக்காமல் பேசியதாகவும் உன் அத்தை சொன்னாள். வட்டி கட்டாததால் ஏல நோட்டீஸ் வந்துவிட்டது, அதை ஆபீஸ் டிராயரில் வைத்திருப்பதாக மேடத்திடம் இவனே ஒப்புக்கொண்டான். மேடம் திட்டத்தில் முதல் வேலையே நகைக்கு வட்டி கட்டி ஏலத்தை நிறுத்துவதுதான். கமிஷன் கேட்கிற செம்பூர் ஆபீஸ்காரன் திட்டத்தில் உன் நகையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. உன் அத்தை சொன்ன அடையாளத்தை வைத்து அந்த ஆபீஸுக்கே போய், நான் பேப்பரை வாங்கிப் பார்த்தேன்.

ஏலே செந்தில், நீ என் ஒரே பிள்ளை. உன்மேல் எனக்கு இருக்கிற பாசத்தை நினைத்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது. காய்ச்சல் என்று நீ படுத்தால் இன்றைக்கும் சான்பாடாவுக்கு ஓடி வருவேன். ஆனால் ஊரான் வீட்டுப் பிள்ளைகளின் விசேஷத்தில் உட்கார்ந்து பணத்தை அள்ளியவன், தன் வீட்டுக்கு வந்த பிள்ளை விஷயத்திலாவது வாயைத் திறக்க வேண்டும். கோமதி, நீ வெள்ளிக்கிழமை எங்கேயும் போகாதே, எதிலும் கையெழுத்துப் போடாதே. இவன் அடித்தால், கையை முறுக்கினால், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டு, அங்கிருந்து எனக்குப் போன் போடு. இவனோடு இருந்துதான் ஆக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். ஊருக்குப் போகிறேன் என்றால் நானே டிக்கெட் எடுத்து, கூட வந்து, உன் அப்பா காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வருவேன். இருக்கிறேன் என்றால் தாராவி ரூமில் உங்களுக்கு இடம் உண்டு. ஐந்து வருஷம் கஷ்டம், பொய் சொல்லவில்லை. ஹோட்டல் இல்லை, புதுத் துணி இல்லை, ஊர் விசேஷத்துக்கெல்லாம் போக முடியாது, உன் அத்தையோடு ஒரே ரூமில் இருக்க வேண்டும்.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு மேடத்திடம் நேரம் வாங்கியிருக்கிறேன். செந்தில், ஏல நோட்டீஸ் உள்பட எல்லாக் காகிதத்தையும் எடுத்துக்கொண்டு வா. டோக்கன் எடுத்து வரிசையில் உட்கார். என்னைப் பார்த்து அப்பா என்று கூப்பிட்டு முன்னால் வராதே. கோமதிக்கு ஹிந்தி சரியாக வராது, மேடத்துக்குத் தமிழ் வராது, நடுவில் உட்காரப்போகிறவன் நான். மேடம் முதல் கேள்வியை உன்னிடம் கேட்கமாட்டார், அவளிடம்தான் கேட்பார். இந்த மனிதரோடு சேர்ந்து இதைக் கட்ட உங்களுக்குச் சம்மதமா என்று. அதை நான் தமிழில் சொல்வேன். அவள் சம்மதம் என்றால் சம்மதம் என்று சொல்வேன். ‘எனக்கு இந்த ஆளே வேண்டாம், என் நகைய மட்டும் மீட்டுத் தாங்க’ என்று சொன்னால், நீ பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அதையும் அப்படியே ஹிந்தியில் சொல்வேன். பால்பாண்டிக்குச் செய்த மாதிரி மாற்றிச் சொல்லமாட்டேன். ஒரு சொல் குறைக்கமாட்டேன்.

சனிக்கிழமை பதினோரு மணி வரைக்கும்,
உன் அப்பா